மூன்றில் ஒன்று

ஒரு வரியைக் கீழே இறக்கி ஒரு பொத்தானை அழுத்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது. விசைப்பலகையின் இடது ஓரத்தில் ‘டேப்’ என்று ஒன்று இருக்குமே, அந்தப் பொத்தான். அழுத்தினால் வரி நான்கு இடைவெளி வலப்பக்கம் நகரும். நகர்ந்தது. அதற்குப் பிறகு ஆயிரத்து நூற்று நாற்பது பேர் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஆறு வாரம் சுற்றினார்கள்.

“இது என் தப்பா?” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். பதில் சொல்ல அதிகாரம் இல்லை என்றார்கள். அதிகாரம் உள்ளவர்கள் கேள்வியை எழுத்துமூலம் தரச் சொன்னார்கள்.

என் பெயர் அருள்முருகன். ஊர் குறிஞ்சிப்பாடி. கடலூரில் உள்ள இருநகர்ச் சான்றொப்ப வாரியத்தில் ஒப்பந்த அடிப்படையில் நிரல் எழுதுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். முதுகெலும்பு வளர்வதற்கு ஆறு மாதம் போதாது என்பது என் அனுபவம்.

வாரியத்தின் வேலை, மற்ற அலுவலகங்கள் கொடுத்த சான்றிதழ் சான்றிதழ்தான் என்று சான்றிதழ் கொடுப்பது. அதற்கு மூன்று உறுதிப்பாடு வேண்டும். முதலாவது கடலூர்த் தலைமையகத்தில். இரண்டாவது சிதம்பரம் கிளையில், கடலூர் சரியாகப் பார்த்ததா என்று பார்க்க. மூன்றாவது மறுபடியும் கடலூரில், கடலூரைச் சிதம்பரம் சரியாகப் பார்த்ததா என்று பார்க்க. மூன்றுக்கும் விண்ணப்பதாரர் நேரில் வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் வாசலில் அவர் முகத்தைப் படம் பிடித்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, அதே ஆள்தான் என்று முடிவுக்கு வருவார்கள். இதுவரை யாரும் ஆள் மாறி வந்ததில்லை. ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே ஆதாரம் என்பார் எங்கள் இயக்குநர் சுப்பராயலு.

இந்தச் சுற்றைக் கணினிக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. இதற்கென்றே நிரல் மொழிகளில் ஓர் ஏற்பாடு உண்டு. லூப் என்போம். ஒரு நிபந்தனை நிறைவேறும் வரை ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய் என்று கணினிக்குச் சொல்வது. நவக்கிரகத்தை ஒன்பது சுற்று சுற்றுகிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். தொடங்குவதற்கு முன்பு மனசுக்குள் பூஜ்யம். சனீஸ்வரனைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் ஒன்று கூட்டு. ஒன்பது ஆகிவிட்டதா என்று பார். ஆகாவிட்டால் இன்னொரு சுற்று. ஆகிவிட்டால் செருப்பைத் தேடு.

ஒரே இடத்தில்தான் கவனம் வேண்டும். பூஜ்யம் என்று சொல்வது சுற்றுக்கு வெளியே, ஒரு தடவை மட்டும். அதைச் சுற்றுக்குள் கொண்டுவந்து, சனீஸ்வரனைத் தாண்டும்போதெல்லாம் ‘பூஜ்யம், அப்புறம் ஒன்று’ என்று எண்ணுகிறவருக்கு ஒன்பது என்றைக்கும் வராது. நடை சாத்தும் வரை சுற்றுவார். நான் எழுதிய மொழியில், எது சுற்றுக்கு உள்ளே எது வெளியே என்பதை வரி தொடங்கும் இடத்தை வைத்துத்தான் கணினி தெரிந்துகொள்ளும். நான்கு இடைவெளி தள்ளித் தொடங்கினால் உள்ளே. ஓரத்தை ஒட்டி நின்றால் வெளியே.

‘எண்ணிக்கை = 0’ என்ற என் வரி ஓரத்தை ஒட்டித்தான் நின்றது. ஒழுங்காக, வெளியே.

அச்சடித்து, துளை போட்டு, நாடா கட்டிக் கோப்பில் வைத்தால்தான் எங்கள் வாரியத்தில் அது நிரல். இருநூற்றுப் பதினான்கு பக்கம். சுப்பராயலு சார் மேசையிலும் ஒரு கணினி உண்டு. தூசி படாமல் அதன்மேல் ஒரு பூத்துவாலை போர்த்தியிருக்கும். அவர் அடிக்கோலை எடுத்து ஒவ்வொரு பக்கத்தின் இடது ஓரத்திலும் வைத்துப் பார்த்துப் பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டுக்கொண்டே வந்தார். நாற்பத்தேழாம் பக்கத்தில் அடிக்கோல் நின்றது.

“இது யாருங்க?”

“எண்ணிக்கை, சார்.”

“அவுரு மட்டும் ஏன் தனியா வெளியில நிக்குறாரு? மத்தவங்கல்லாம் ஒழுங்கா உள்ள நிக்குறாங்களே.”

“அது வெளியிலதான் சார் நிக்கணும். உள்ள வந்துட்டா...”

“தம்பி, ஆடிட்டுக்கு வர்றவன் மொதல்ல ஓரத்தத்தான் பாப்பான். முப்பத்தோரு வருஷ சர்வீஸு. ஓரம் கோணின கோப்பு ஒண்ணு எங்கிட்ட கெடையாது. கீழ எறக்கி உள்ள தள்ளுங்க.”

அது தப்பு என்று எனக்குத் தெரியும். சொல்லவும் வாய் எடுத்தேன். ஆனால் மணி ஐந்து இருபத்தைந்து. ஐந்து நாற்பதுக்குக் குறிஞ்சிப்பாடி பஸ். வீட்டில் ரேகா பலாக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பதாகப் போன் செய்திருந்தாள். இப்போதைக்கு உள்ளே தள்ளுவோம், நாளைக் காலையில் சத்தமில்லாமல் வெளியே இழுத்துவிடுவோம் என்று நினைத்தேன். தள்ளினேன். அவர் ஒப்பம் போட்டார். பஸ் கிடைத்தது. குழம்பு நன்றாக இருந்தது. மறுநாள் காலையில் வேறு எதையோ யோசித்துக்கொண்டு அலுவலகம் போனேன்.

ஜூன் பத்தாம் தேதி மென்பொருளைத் தொடங்கிவைத்தார்கள். இரண்டாம் வாரமே வாசலில் வரிசை தெரு முனைவரை போனது. எல்லார் கைபேசியிலும் ஒரே செய்தி. ‘தங்கள் விண்ணப்பத்துக்கு மூன்றில் ஒரு உறுதிப்பாடு பெறப்பட்டது. அடுத்த உறுதிப்பாட்டுக்கு மற்ற அலுவலகத்துக்கு நேரில் வரவும்.’ கடலூரில் பார்த்தால் மூன்றில் ஒன்று. சிதம்பரம் போய் வந்தால் மூன்றில் ஒன்று. திரும்பக் கடலூர், மூன்றில் ஒன்று.

வரிசையைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு நாற்பத்தேழாம் பக்கம் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் சுப்பராயலு சாரிடம் சொன்னேன். நவக்கிரகத்தையும் விளக்கினேன். அவர் ஜன்னல் வழியாக வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேரக்குழந்தையைப் பார்ப்பது போன்ற பார்வை.

“போன வருஷம் ஜூன்ல எத்தினி பேரு வந்தாங்க தெரியுமா? எழுநூத்தி எண்பது. மூணு தடவ வருவாங்க, தாள வாங்குவாங்க, நம்மள மறந்துட்டுப் போயிக்கினே இருப்பாங்க. இப்ப பாருங்க. போன வாரம் வந்தவுங்களே இந்த வாரமும் வராங்க. ஒரு அலுவலகத்து மேல மக்களுக்கு நம்பிக்க இல்லாம இப்பிடித் திரும்பத் திரும்ப வருவாங்களா?”

“அவுங்களுக்குத் தாள் கெடைக்கல சார். அதனாலதான் வராங்க.”

“அதத்தான் நானும் சொல்றேன். கெடச்சிருந்தா வந்திருப்பாங்களா?”

“சார், ரெண்டு நிமிஷ வேல. திருத்திடட்டுமா?”

“திருத்தாதீங்கன்னு நான் சொல்லவே இல்லயே. திருத்துங்கன்னும் சொல்லல. ஒப்பம் போட்ட பக்கம் அது. திருத்த விண்ணப்பம் குடுங்க, மூணு உறுதிப்பாடு வாங்குங்க, தாராளமா திருத்துங்க.”

“எங்க சார் குடுக்கணும்?”

“நம்ம புது மென்பொருள்லதான்.”

கொடுத்தேன். மறுநாள் என் கைபேசிக்கும் செய்தி வந்தது. மூன்றில் ஒன்று. மற்ற அலுவலகத்துக்கு நேரில் வரவும்.

இப்படித்தான் நான் எழுதிய சுற்றுக்குள் நானே போய் விழுந்தேன். விழுந்த இடத்தில் தைலம்மாள் இருந்தார்.

கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் பஸ் ஏறினால் எனக்கு இடம் கிடைத்துவிடும். முதுநகர் வந்ததும் கும்பல் ஏறும். அதில் சோனாங்குப்பத்துத் தைலம்மாளும் ஒருவர். துறைமுகத்தில் மீன் விற்கிறவர். பையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு கோப்பு, கோப்பின் மேல் ஈரம் படக் கூடாதென்று இன்னொரு உறை. முதல் நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிதம்பரம் வரை நின்றார். இரண்டாவது பயணத்திலிருந்து, எனக்கு முன்னால் இருக்கும் பெண்கள் இருக்கையில் என் பையை வைத்து அவருக்கு இடம் பிடிக்க ஆரம்பித்தேன். கெடுத்தது பெரிசு, செய்தது இது.

“நீயும் தாளுக்குத்தான் அலையறியா தம்பி?”

“ஆமாங்கம்மா. ஒரு விண்ணப்பம்.”

பொய் இல்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது.

அவர் மகள் சினேகாவுக்குச் சிதம்பரத்தில் நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. கல்லூரி விடுதியில் கடற்கரைக் கிராமத்துப் பெண்களுக்கென்று சில இடங்கள் தனியாக உண்டு. அதற்குக் கரையோர வசிப்புச் சான்று வேண்டும், அதுவும் எங்கள் வாரியம் சான்றொப்பம் செய்தது. ஜூலை இருபதுக்குள் கொடுக்கவேண்டும்.

“காலேஜி எட்டு மணிக்கு. ஆஸ்பத்திரி டூட்டி போட்டா ஏழுக்கே நிக்கணுமாம். ஹாஸ்டல் கெடைக்கலன்னா அது நாலு வருஷம் இந்த பஸ்ஸுலதான் கெடக்கணும். நாந்தான் மூணு மணிக்கு எழுந்து ஏலத்துக்கு ஓடறேன். அதுவாவது கொஞ்சம் தூங்கி எழுந்து படிக்கட்டும்னு பாத்தேன்.”

“கெடச்சிடும்மா.”

“எப்பிடிச் சொல்ற?”

நான் ஆலப்பாக்கத்துப் பக்கம் வெளியே பார்த்தேன்.

சிதம்பரம் கிளையின் அலுவலர் மங்கலம் அம்மையார். தெற்கு வீதியில் இரண்டு அறையும் ஒரு மின்விசிறியுமாக இருந்த கிளை இப்போது மூன்று கட்டடத்துக்குப் பரவியிருந்தது. அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அருள்முருகன், உங்க மேல எனக்கு எவ்ளோ நன்றி இருக்குன்னு சொல்ல முடியாது,” என்றார் அவர். “போன மார்ச்சுல இந்தக் கிளைய மூடறதுக்கு ஃபைல் போட்டாங்க. வேலயே இல்லன்னுட்டு. இப்ப ஆறு பேரு கூடுதலா போட்டிருக்காங்க.”

“அந்த ஆறு பேரும் என்ன மேடம் செய்யறாங்க?”

“கூட்டத்தச் சமாளிக்கறாங்க.”

“கூட்டம் எதுக்கு மேடம் வருது?”

“கையெழுத்துக்கு.”

“நீங்க கையெழுத்துப் போட்டாலும் கணக்குல ஏறலயே.”

“நான் போடறேன் இல்ல? என் சைடுல பெண்டிங் கெடையாது. வேணும்னா ரிஜிஸ்டரப் பாருங்க.”

பார்த்தேன். அவர் பக்கத்தில் நிலுவை ஒன்றுகூட இல்லை. கடலூர்ப் பதிவேட்டிலும் இல்லை. நிலுவையே இல்லாத இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் ஆயிரத்துச் சொச்சம் பேர் பஸ்ஸில் இருந்தார்கள்.

ஜூலை முதல் வாரத்தில் இதற்குத் ‘தொடர் சேவைத் திட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். சுற்று அட்டை என்று ஒன்று அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வருகைக்கும் அதில் ஒரு முத்திரை. பத்து முத்திரை வாங்கியவர்களுக்குத் தனி வரிசை. அந்த வரிசை சாதாரண வரிசையைவிட நீளமாகிவிடவே, பதினைந்து வாங்கியவர்களுக்கு இன்னொன்று. வெயிலுக்குக் கொட்டகை, குடிக்க மோர். இவ்வளவு தூரம் அலைகிறார்களே என்று இரக்கப்பட்டு, நடுவழியில் புதுச்சத்திரத்தில் ஓர் இளைப்பாறு மையம். அங்கே இறங்கி இளைப்பாறியவர்கள் அதற்கான சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். கொட்டகைக்கு ஒப்பந்தப்புள்ளி, மோருக்கு ஒரு குழு, இளைப்பாறு மையத்துக்கு ஒரு பொறுப்பாளர். எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் அனுமதி கிடைத்தது. நான்கு இடைவெளிக்கு மட்டும் மூன்றில் ஒன்று.

இரண்டாம் வாரம், இருபத்தைந்து சுற்று முடித்த முதல் விண்ணப்பதாரருக்குப் பாராட்டு விழா. அந்தப் பெருமை தைலம்மாளுக்குக் கிடைத்தது. சினேகாவும் வந்திருந்தாள். ஒல்லியான பெண், தோளில் பை, கையில் அம்மாவின் பிளாஸ்டிக் உறை. ஒலிபெருக்கியின் கம்பியைச் சரிசெய்யும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் குனிந்தபடியே இருந்தேன். வசதியாக இருந்தது.

சுப்பராயலு சார் பேசினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! ஓர் அரசு சார்ந்த அலுவலகத்துக்கு ஒரு மனிதர் தம் வாழ்நாளில் எத்தனை முறை வருவார்? இரண்டு முறை? மூன்று முறை? இந்தத் தாய் ஐந்தே வாரத்தில் இருபத்தைந்து முறை வந்திருக்கிறார். இருபத்தைந்து முறையும் இவர் இவர்தான் என்பதை நாம் உறுதி செய்திருக்கிறோம். இவ்வளவு உறுதியாக உறுதிசெய்யப்பட்ட ஒரு பெண்மணி இந்த மாவட்டத்திலேயே கிடையாது. சிலர் கேட்கிறார்கள், சான்றிதழ் எங்கே என்று. நான் கேட்கிறேன், சான்றிதழைக் கொடுத்துவிட்டால் நமக்கும் மக்களுக்கும் உள்ள உறவு என்ன ஆவது?”

கைதட்டினார்கள். கூடுதலாகப் போட்டிருந்த ஆறு பேரும் நன்றாகத் தட்டினார்கள்.

சால்வையை விரித்துக்கொண்டு அவர் கிட்டே வந்ததும் தைலம்மாள் ஒரு அடி பின்னால் போனார்.

“சால்வ வாணாம் சார். தாளக் குடுங்க.”

“தாள் வரும்மா. சால்வ இன்னைக்கே.”

“இந்த வெயில்ல இத வெச்சி நான் இன்னா சார் பண்ணுவேன்? எம் பொண்ணுக்கு இருவதாந்தேதி கடைசி.”

“கொஞ்சம் சிரிங்கம்மா, போட்டோ எடுக்கறாங்க.”

ஒலிபெருக்கி வழியாக அது தெருமுழுக்கக் கேட்டது. கம்பியைச் சரிசெய்திருந்தவன் நான். அந்த ஒரு வேலையை மட்டும் பிழையில்லாமல் செய்திருந்தேன்.

விழா முடிந்ததும் சாரைத் தனியாகப் பிடித்தேன். “சார், இது என் தப்புன்னு எழுதிக் குடுத்துடறேன். என்ன வேணா பண்ணுங்க. வரிய மட்டும் வெளியில எடுத்துடலாம்.”

“உங்க தப்புன்னு எப்பிடிச் சொல்ல முடியும்?”

“அப்ப உங்க தப்பா சார்?”

“நான் ஓரத்ததான பாத்தேன்.” என் தோளில் கை வைத்தார். “தம்பி, பத்தொம்பதாந்தேதி உங்க ஒப்பந்தம் புதுப்பிக்க வருது. மனச அலட்டிக்காதீங்க.”

நான் அலட்டிக்கொள்ளவில்லை. இதைத்தான் இன்றுவரை என்னால் சொல்லிச் சிரிக்க முடியவில்லை. கணினி என்னிடமே இருந்தது. கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கல்லூரிக்காரர்கள் கடைசித் தேதியை எப்படியும் நீட்டிப்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பத்தொன்பதாம் தேதி ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ரேகா கேசரி கிளறினாள்.

இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை வழக்கம்போலச் சிதம்பரம் பஸ் ஏறி, முன் இருக்கையில் பையை வைத்தேன். முதுநகரில் கும்பல் ஏறியது.

“சார், பைய எடுங்க. லேடீஸ் நிக்குறாங்க,” என்றார் நடத்துநர்.

“ஆளு வராங்க.”

“எங்க வராங்க?”

நான் ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்தேன். கூடைக்காரப் பெண்கள் இரண்டு பேர் ஓடிவந்து ஏறினார்கள். தைலம்மாள் இல்லை.

“பஸ்ஸு நவுந்துடுச்சி சார். உங்க ஆளு வரல. எடுங்க பைய.”

எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குள் மடிக்கணினி இருந்தது. நாற்பது நாளாக அது அதற்குள்தான் இருந்தது.

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து திறந்தேன். நாற்பத்தேழாம் பக்கத்து வரியை ஓரத்துக்கு இழுத்து, ஒரு வரி மேலே ஏற்றினேன். பழைய வருகைகள் எல்லாம் பதிவில் இருந்ததால், அவற்றை முதலிலிருந்து எண்ணச் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆர்டர் செய்த டீ அப்போதுதான் வந்தது.

கடலூரிலும் சிதம்பரத்திலும் அச்சு இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தன. ஆயிரத்து நூற்று நாற்பது சான்றிதழ்கள். அதோடு சேர்ந்து என் கைபேசியிலும் ஒரு செய்தி: ‘தங்கள் திருத்த விண்ணப்பத்துக்கு மூன்று உறுதிப்பாடுகளும் பெறப்பட்டன. நிரலைத் திருத்த அனுமதி அளிக்கப்படுகிறது.’

புதன்கிழமை கொட்டகை காலியாகிவிட்டது. மோர்க் குழுவினர் தாங்களே குடித்தார்கள். மங்கலம் அம்மையார் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். பயன்பாடு தொண்ணூற்று நான்கு சதவீதம் சரிந்ததற்குக் காரணம் என்ன என்று ஆராயக் கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து, எல்லாம் நான் செய்ததுதான், தள்ளியதும் நான், இழுத்ததும் நான் என்றேன். சுப்பராயலு சார் பிழை அறிக்கைப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். ‘பிழைக்குக் காரணம்’ என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. மின்தடை. மழை. பொதுமக்கள்.

நான்காவதாக நானே பேனாவால் ஒரு கட்டம் வரைந்து ‘நான்’ என்று எழுதி, டிக் அடித்துக் கொடுத்தேன்.

அது முறைப்படி மூன்று உறுதிப்பாட்டுக்குப் போனது. இப்போது எண்ணிக்கை ஒழுங்காக ஏறியதால், நான்கே நாளில் முடிவு வந்துவிட்டது. முத்திரையோடு, கோபுரம் போட்ட கெட்டித் தாளில்.

‘மேற்படி நிரல் திருத்தம் உரிய அனுமதியுடன் செய்யப்பட்டிருப்பதாலும், முதல் மாற்றம் உரிய ஒப்பத்துடன் செய்யப்பட்டிருப்பதாலும், திரு. அருள்முருகன் அவர்களிடம் தவறு ஏதும் காணப்படவில்லை எனச் சான்றொப்பம் அளிக்கப்படுகிறது.’

தைலம்மாளைப் பார்க்க இரண்டு தடவை துறைமுகம் போனேன். ஐஸ் உடைக்கும் இடம் வரைக்கும் போனேன். தூரத்தில் அவர் யாருக்கோ சங்கரா மீனை நிறுத்துக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். ஒரு தடவை காசு கொடுத்து வேறு ஆளிடம் நெத்திலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன், வந்ததற்கு ஏதாவது காரணம் இருக்கட்டும் என்று.

ஆகஸ்டில் ஒரு நாள், என் குற்றமின்மைச் சான்றின் நகலைச் சிதம்பரம் கிளையில் ஒப்படைக்கச் சொன்னார்கள். இப்போதெல்லாம் சரியாகத் தூக்கம் வருவதில்லை. கிளையைப் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள் என்று தெரிந்தும் ஆறு மணி பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். பழக்கதோஷத்தில் முன் இருக்கையில் பையை வைத்திருந்தேன். முதுநகரில் வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் ஏறி, அந்தப் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, நீங்க அம்மாவுக்கு எடம் புடிப்பீங்களே, அந்த அண்ணாதான?”

சினேகா. பையை எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்தாள். பாதி திரும்பி, “உங்க விண்ணப்பம் வந்துடுச்சாண்ணா?” என்றாள்.

“வந்துடுச்சிம்மா. உங்களுது?”

“அதுவும் வந்திச்சி. இருவத்திரண்டாந்தேதி. இருவதோட ஹாஸ்டல் முடிஞ்சிபோச்சி. அம்மா வார்டன் மேடத்துகிட்ட போயி அழுதுச்சி, அவுங்க இன்னா பண்ணுவாங்க பாவம்.” பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “பரவால்லண்ணா, போயி வந்துகினுதான் இருக்கேன். அம்மா ஏலத்துக்கு எழுந்திருக்கும்போதே நானும் எழுந்துடறேன். பஸ்ஸுல படிக்கலாம்னு பாத்தா தூக்கம் வந்துடுது.”

“நாலு வருஷமா?”

“நாலு வருஷம்.”

பஸ் பச்சையாங்குப்பம் தாண்டியது. சொல்ல ஆரம்பித்தேன். நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதிலிருந்து. அடிக்கோல், ஓரம், நாற்பத்தேழாம் பக்கம், ஐந்து நாற்பது பஸ். குழம்பைக்கூட விடவில்லை. நவக்கிரகத்துக்கு வந்தபோது அவள் இடையில் குறுக்கிட்டாள்.

“பூஜ்யத்த சுத்துக்குள்ள வெச்சிட்டீங்க.”

“ஆமா.”

“அது தப்புன்னு உள்ள தள்ளும்போதே தெரியுமாண்ணா?”

“தெரியும்.”

“திருத்தறதுக்கு எவ்ளோ நேரமாச்சி?”

“ரெண்டு நிமிஷம்.”

புதுச்சத்திரத்தில் பூட்டிக் கிடந்த இளைப்பாறு மையம் ஜன்னலில் வந்து போனது. பையைத் திறந்து கெட்டித் தாளை எடுத்து நீட்டினேன். எதற்கு நீட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவள் முதல் வரியிலிருந்து முத்திரை வரைக்கும் நிதானமாகப் படித்தாள். மடிப்புக் கலையாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“எல்லாரையும் கேட்டுட்டேம்மா. யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க,” என்றேன். “இது என் தப்பா?”

அவள் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தூக்கம் இருந்தது. கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“ஆமாண்ணா. உங்க தப்புதான்.”